வீட்டுக் கணக்கில் எழுதப்படுவதும் விடுபடுவதும்: சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் வரவுசெலவு

குடும்பத்தின் வரவுசெலவுக் கணக்கைச் சிக்கனம் கற்பிக்கும் கருவியாகப் பார்ப்பதே பொது வழக்கம். சம்பளம் வந்ததும் அதைத் தலைப்புவாரியாகப் பிரித்து, நாள்தோறும் செலவைக் குறித்துவந்து, மாத இறுதியில் வீண்செலவு எது என்று கண்டு நிறுத்திவிட்டால் குடும்பம் நிமிர்ந்துவிடும் என்பதே சேமிப்பு பற்றிய அறிவுரைகளின் சாரம். அந்த அறிவுரையில் தவறில்லை. ஆயினும் ஒரு கணக்கு ஆற்றக்கூடிய பணியில் சிறு பகுதியை மட்டுமே அது காண்கிறது. ஒரு வீட்டில் யாருடைய தேவை செலவாக ஏற்கப்படுகிறது, யாருடைய தேவை செலவு என்ற பெயரைக்கூடப் பெறாமல் தள்ளிப்போடப்படுகிறது என்பதைக் காட்டும் ஆவணமாகவும் வீட்டுக் கணக்கு விளங்குகிறது. சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் கணக்கை, குறிப்பாக லிட்டில் இந்தியா வட்டாரத்தின் தேக்காவையும் சிராங்கூன் சாலையையும் தம் வாழ்வின் ஓர் அங்கமாகக் கொண்ட குடும்பங்களின் கணக்கை, இந்தக் கோணத்தில் ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

முதலில் இரண்டு செயல்களை வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். வரும் மாதத்தில் எதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே ஒதுக்குவது திட்டம். சென்ற மாதத்தில் எதற்கு எவ்வளவு போயிற்று என்று குறித்துவைப்பது பதிவு. பதிவு இல்லாத திட்டம் விருப்பத்தின் பட்டியலாகவே நின்றுவிடும். திட்டம் இல்லாத பதிவோ வருத்தத்தின் பட்டியலாக முடியும். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் குடும்பங்கள் உண்டு என்றாலும், பெரும்பாலான வீடுகளில் திட்டம் ஒருவர் மனத்திலும் பதிவு வேறு சிலரது கையிலுமாக, அதாவது கடைக்காரர், வங்கி, முதலாளி, அரசாங்கம் ஆகியோரின் ஏடுகளிலுமாகச் சிதறிக் கிடக்கிறது. இந்தச் சிதறலுக்கு நீண்ட வரலாறு உண்டு.

சிங்கப்பூரில் கணக்கு எழுதுவதில் தமிழர் பின்தங்கியவர் அல்லர். மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகளில், அதாவது பல வட்டிக்கடைகள் ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமர்ந்து தொழில் நடத்திய நீண்ட கூடங்களில், நாட்டுக்கோட்டை நகரத்தாரின் முகவர்கள் தாழ்வான மேசைப் பெட்டிக்கு முன்னால் தரையில் அமர்ந்து, அன்றாட நடவடிக்கைகளை நாள்வழிக் குறிப்பில் எழுதி, அவற்றை ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றி, வரவும் பற்றும் பொருந்துகின்றனவா என்று காட்டும் ஐந்தொகையை ஊரில் இருக்கும் முதலாளிக்கு அனுப்பிவந்தனர். அந்தக் கிட்டங்கிகள் 1970களின் பிற்பகுதியில் நகரச் சீரமைப்புக்காக இடிக்கப்பட்டன. அந்தக் கணக்குமுறையில் இன்றைய குடும்பங்கள் கவனிக்கத் தக்க கூறு ஒன்று உண்டு. கோயிலுக்கும் அறத்துக்கும் கொடுக்கும் மகமையை மிச்சம் இருந்தால் தரும் கொடையாகக் கருதாமல், தொழிலின் முறையான செலவாகவே அவர்கள் எழுதினர். பணம் ஈட்டுவதற்கு அப்பால் ஒரு மனிதருக்கு உள்ள கடமைகளுக்கும் அந்த ஏட்டில் இடம் இருந்தது. முகவராகக் கடல் கடந்து வருபவர் பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்கு வந்தார் என்பதையும், சம்பளத்தின் ஒரு பகுதியைப் புறப்படும்போதே முன்பணமாகப் பெறும் வழக்கம் இருந்தது என்பதையும் இங்கே குறித்துவைப்பது பின்னர் பயன்படும்.

ஆனால் இவை தொழிற்கணக்குகள். துறைமுகத்திலும் நகராட்சியிலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் கூலிக்கு உழைத்த தமிழரின் வீட்டுக் கணக்கு வேறோர் ஏட்டில் இருந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இரண்டு தலைமுறைகளுக்கு நன்கு தெரிந்த, அட்டையில் 555 என்று அச்சிட்ட, சட்டைப்பைக்குள் அடங்கும் குறிப்பேடு அது. மாதத்தின் நடுவில் கையில் காசு இல்லாதபோது அரிசி, பருப்பு, பால்மாவு, மண்ணெண்ணெய் ஆகியவற்றை மளிகைக்கடையில் கடனாக வாங்க, கடைக்காரர் தேதியும் தொகையும் அதில் குறித்துக்கொள்ள, சம்பள நாளன்று குடும்பம் கணக்கைத் தீர்க்கும். வட்டி என்று தனியாக எதுவும் இல்லாவிட்டாலும், கடன் இருக்கும்வரை வேறு கடைக்குப் போக முடியாத கட்டு இருந்தது. விலையைப் பற்றிக் கேள்வி கேட்கும் துணிவும் குறைந்தது.

இக்குறிப்பேட்டை ஏழைக் குடும்பத்தின் முதல் வரவுசெலவுப் பதிவு என்று சொல்லலாம். ஆயினும் அதை எழுதியவர் கடன் கொடுத்தவர் என்பதால், அவருக்கு வரவேண்டியது மட்டுமே அதில் இடம்பெற்றது. வீட்டிலிருந்த அரிசியைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுத் தாய் வெறும் தேநீரோடு முடித்துக்கொண்ட இரவு அதில் இல்லை. கணவரின் கள்ளுக்கடைச் செலவும் இல்லை; அது வேறொரு கடையின் கணக்கு. ஊருக்கு அனுப்பிய மணியார்டரும் இல்லை. மாத முடிவில் கூட்டுத்தொகையைப் பார்த்து அதிகமாகிவிட்டதே என்று குடும்பம் கலங்கினால், குறைக்கக்கூடியதாகக் கண்ணில் படுவது எழுதப்பட்ட செலவு மட்டுமே, அதாவது உணவு. எழுதப்படாத செலவு கேள்விக்கு அப்பாற்பட்டதாக நின்றது. எழுதப்படாத தேவையோ இருப்பதாகவே யாருக்கும் தெரியாமல் போயிற்று. 1932இல் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இதழும் குடிப்பழக்கத்தையும் ஆடம்பரச் சடங்குகளையும் இடையறாது எதிர்த்ததற்கு, கொள்கைப் பற்றுடன் இந்தப் பொருளாதார உண்மையும் காரணமாக இருந்தது என்று கொள்வது பொருத்தம்.

தனியார் ஏடுகளில் சிதறிக் கிடந்த இச்செலவுகளை அரசாங்கம் ஒன்றுதிரட்டத் தொடங்கியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. சமூகநலத் துறை 1947இல் ஒரு சமூக ஆய்வை நடத்தியது. பின்னர் 1953-54இல் நடந்த ஆய்வை வழிநடத்தி அறிக்கை எழுதியவர் கோ கெங் சுவீ. பிற்காலத்தில் சிங்கப்பூரின் முதல் நிதியமைச்சரான அவர், அப்போது அந்தத் துறையின் அதிகாரி. நகர வருமானமும் வீட்டுவசதியும் குறித்து 1956இல் வெளியான அந்த அறிக்கை, உயிர்வாழ்வுக்கு இன்றியமையாத உணவு, உடை முதலியவற்றின் விலையைக் கூட்டி ஒரு வறுமைக்கோட்டை வகுத்து, ஆய்வுக்குட்பட்ட மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் அதற்குக் கீழே வாழ்வதைக் கண்டறிந்தது.

வறுமைக்கோட்டை இவ்வாறு பொருள்களின் விலையிலிருந்து கட்டும் முறைக்கு முன்னோடி இங்கிலாந்தின் யார்க் நகரை ஆராய்ந்து 1901இல் நூல் வெளியிட்ட சீபோம் ரவுன்ட்ரீ. தாம் வகுத்த குறைந்தபட்ச அளவு எத்தனை கொடியது என்பதை அவரே மறைக்காமல் சொன்னார்: அந்த அளவுக்குள் வாழும் குடும்பம் செய்தித்தாள் வாங்க முடியாது, வழிபாட்டிடத்தில் காணிக்கை போட முடியாது, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுத அஞ்சல்தலைகூட வாங்க முடியாது. கடல் கடந்து பிழைத்த தமிழருக்கு இந்தக் கடைசி விலக்கு மிகக் கூர்மையானது. மகமையும் மணியார்டரும் கடிதமும் இல்லாத குறைந்தபட்ச வாழ்க்கையை ஒரு சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் வாழ்க்கை என்று ஒப்புக்கொண்டிருக்காது. எது இன்றியமையாதது என்பதை மாவும் எண்ணெயும் மட்டும் தீர்மானிப்பதில்லை.

குடும்பங்களின் செலவுகளை ஒன்றுதிரட்டும் பணியை இன்று புள்ளிவிவரத் துறையின் குடும்பச் செலவின ஆய்வு செய்கிறது. 1972-73 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் இந்த ஆய்வில், தேர்ந்தெடுக்கப்பட்ட குடும்பங்கள் இரண்டு வாரம் தம் அன்றாடச் செலவைக் குறிப்பேட்டில் பதிகின்றன. அரிதாக வரும் பெரிய செலவுகள் தனியாகக் கேட்டறியப்படுகின்றன. பயனீட்டாளர் விலைக் குறியீட்டெண்ணில், அதாவது பணவீக்கத்தை அளக்கும் அளவுகோலில், எந்தப் பொருளுக்கு எவ்வளவு எடை என்பதை முடிவுசெய்வதும் இந்தப் பதிவுகளே. சராசரிக் குடும்பத்தின் மாதச் செலவு 2017-18இல் 4,906 வெள்ளியாக இருந்து 2023இல் 5,931 வெள்ளியாக உயர்ந்ததாக ஆய்வு காட்டுகிறது. சொந்த வீட்டில் வாழ்வோர் தமக்குத் தாமே செலுத்துவதாகக் கற்பித்துக்கொள்ளும் வாடகை இந்தத் தொகையில் சேராது. வீட்டுக் கடனின் தவணையும் நுகர்வுச் செலவாகக் கொள்ளப்படுவதில்லை. ஆகவே தன் மாதச் செலவை இந்தச் சராசரியோடு ஒப்பிட்டு ஆறுதலோ கவலையோ கொள்ளும் குடும்பம், எவற்றை ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும்.

வருமானம் உயர உயர உணவுக்குச் செல்லும் பங்கு குறையும் என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857இல் கண்டறிந்த விதி சிங்கப்பூருக்கும் பொருந்துகிறது. எனினும் இங்கே உணவுச் செலவில் பாதிக்கும் மேற்பட்டது காப்பிக்கடை, உணவங்காடி நிலையம், உணவகம் ஆகியவற்றில் உண்பதற்கே போகிறது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் இது சோம்பலின் அடையாளம் அன்று. சமைப்பதற்கு வேண்டிய இரண்டு மணி நேரத்தை விலை கொடுத்து வாங்குகிறது அந்தக் குடும்பம். தேக்கா சந்தையில் கீரையும் மீனும் வாங்கி வீட்டில் ஆக்கினால் இத்தனை வெள்ளி மிச்சம் என்று கணக்குச் சொல்லும் அறிவுரையாளர்கள், ஆக்குபவரின் நேரத்துக்குச் சுழியம் என்ற விலையைப் போட்டுவிட்டே அந்த மிச்சத்தைக் காண்கின்றனர். அந்த நேரம் எப்போதும் ஒரே ஆளுடையது என்பதும், அவர் பெரும்பாலும் பெண் என்பதும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

சிங்கப்பூர்க் குடும்பத்தின் கணக்கை மற்ற நாடுகளின் குடும்பக் கணக்கிலிருந்து வேறுபடுத்துவது, கைக்கு வராமலே போய்வரும் பணத்தின் அளவு. 1955 ஜூலை 1இல் தொடங்கிய மத்திய சேமநிதி, 55 வயதும் அதற்குக் கீழும் உள்ள ஊழியரின் சம்பளத்தில், குறிப்பிட்ட உச்சவரம்புவரை, 20 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்கிறது. முதலாளி 17 விழுக்காட்டைச் சேர்க்கிறார். 1968 முதல் இந்தச் சேமிப்பை வீடு வாங்கப் பயன்படுத்தலாம் என்பதால், வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டில் வாழும் பல குடும்பங்கள் வீட்டுத் தவணைக்காக ஒரு வெள்ளியைக்கூடக் கையால் எடுத்துக் கொடுப்பதில்லை. இந்த ஏற்பாடு இலட்சக்கணக்கானோரை வீட்டுரிமையாளர் ஆக்கியது என்பதில் ஐயமில்லை. ஆனால் கண்ணில் படாத செலவு கணக்கிலும் படுவதில்லை. வீட்டை விற்கும்போது, எடுத்த தொகையோடு அது சேமநிதியிலேயே இருந்திருந்தால் ஈட்டியிருக்கக்கூடிய வட்டியையும் சேர்த்துத் தம் சேமநிதிக் கணக்கில் திரும்பச் செலுத்த வேண்டும் என்ற விதியைப் பலர் விற்கும் நாளில்தான் உணர்கின்றனர். சாதாரணக் கணக்குக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டி. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் அது சிறு தொகையாக இருக்காது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் சேமநிதி அறிக்கையை எடுத்து, வீட்டுக்காகச் சென்ற தொகையையும் சேர்ந்துள்ள வட்டியையும் வீட்டுக் கணக்கில் ஒரு வரியாக எழுதிவைப்பது, நாள்தோறும் தேநீர்ச் செலவைக் குறிப்பதைவிட முதுமைக்குப் பெரிதும் உதவும்.

கைக்கு வராமல் வரும் வரவும் உண்டு. 1994இல் 3 விழுக்காடாகத் தொடங்கிய பொருள் சேவை வரி 2024இல் 9 விழுக்காடாக உயர்ந்தபோது, சுமையைத் தணிக்க அரசாங்கம் ரொக்கத் தொகைகளையும் பயனீட்டுக் கட்டணக் கழிவுகளையும் சிடிசி எனப்படும் சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டுகளையும் வழங்கியது. 2024 ஜனவரியில் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் 500 வெள்ளி மதிப்புள்ள பற்றுச்சீட்டுகள் கிடைத்தன. பாதி உணவங்காடிக் கடைகளுக்கும் அக்கம்பக்கக் கடைகளுக்கும், பாதி பேரங்காடிகளுக்கும். இவை குடும்பத்தில் ஒருவரின் கைப்பேசிக்கு இணைப்பாக வருகின்றன. அந்த இணைப்பை மற்றவர்களுடன் பகிர்வது அவர் கையில் இருக்கிறது. மகனின் கைப்பேசிக்கு வந்த பற்றுச்சீட்டு, சந்தைக்குப் போகும் தாய்க்குத் தெரியாமலே தீர்ந்துபோகக்கூடும். உதவியைக் குடும்பம் முழுவதற்குமாகக் கொடுத்த பிறகும், அதைப் பங்கிடும் கேள்வி வீட்டுக்குள் அப்படியே இருக்கிறது. பற்றுச்சீட்டை வரவுப் பக்கத்தில் எழுதி, எதற்காக, யாருக்காகப் போயிற்று என்று எதிரே எழுதினால் மட்டுமே அது தெளிவாகும்.

விலையேற்றத்துக்கு எதிராகக் குடும்பங்களைக் காத்ததில் கூட்டுறவு இயக்கத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும். எண்ணெய் நெருக்கடியும் பணவீக்கமும் அழுத்திய 1973ஆம் ஆண்டில், என்டியுசி வெல்கம் என்ற பெயரில் தொழிற்சங்கக் காங்கிரஸ் தோ பாயோவில் திறந்த கூட்டுறவுப் பேரங்காடி, 1983இல் மற்றொரு கூட்டுறவு அமைப்புடன் இணைந்து ஃபேர்பிரைஸ் ஆயிற்று. எழுதி ஒட்டிய நிலையான விலையில், உடனடிப் பணத்துக்குப் பொருள் விற்கும் கடைகள் பரவியபோது 555 குறிப்பேட்டின் கட்டு தளர்ந்தது. அதன் இடத்தைப் பின்னர் கடன் அட்டையும், பணத்தைத் தவணையாகக் கட்டும் கைப்பேசிச் செயலிகளும் பிடித்துக்கொண்டன. எழுதுபவர் இப்போதும் கடன் கொடுத்தவரே.

இதுவரை சொன்னவை சிங்கப்பூரைத் தாயகமாகக் கொண்ட குடும்பங்களைப் பற்றியவை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் பஃபலோ சாலையிலும் கேம்பல் லேனிலும் சையது ஆல்வி சாலையிலும் நிறைந்திருக்கும் தமிழ்த் தொழிலாளர்களின் குடும்பக் கணக்கு வேறு வகையானது. இவ்வுரையில் அதற்கே அதிக இடம் தரப்படுகிறது, ஏனெனில் விடுபடுதல் மிக ஆழமாக நிகழ்வது அங்கேதான். கப்பல்பட்டறையிலும் கட்டுமானத்திலும் வேலை செய்யும் அவர்களுள் பலர் புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். வரவு சிங்கப்பூர் வெள்ளியிலும் செலவின் பெரும்பகுதி இந்திய ரூபாயிலுமாக, ஒரே குடும்பம் இரண்டு நாடுகளில் இரண்டு அடுப்புகளோடு இயங்குகிறது. ஒருவருக்கொருவர் பேசுவது நாள்தோறும் நடக்கிறது. கணக்கைப் பகிர்ந்துகொள்வது மட்டும் அரிது.

அந்தக் கணக்கின் முதல் வரி கடன். சிங்கப்பூரில் உரிமம் பெற்ற வேலை முகவை, வேலை அனுமதிக் காலத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்தையே தொழிலாளரிடம் கட்டணமாகப் பெறலாம் என்று சட்டம் வரையறுத்திருக்கிறது. ஊரிலுள்ள முகவர்களும் பயிற்சி மையங்களும் இடைத்தரகர்களும் வாங்கும் தொகையை இந்த வரம்பு எட்டுவதில்லை. நகரத்தாரின் முகவர் முன்பணம் பெற்றுக் கப்பல் ஏறினார். இன்றைய தொழிலாளர் நிலத்தையோ மனைவியின் நகையையோ அடகுவைத்துக் கடனோடு விமானம் ஏறுகிறார். வேலைக்கு வரும் ஒருவர் வேலைக்காகவே கடன்படும் இந்த முறை, அவருடைய முதல் ஆண்டின் உழைப்பைப் பெருமளவு கடனுக்கே கொடுத்துவிடும் அநீதி. அதை அவருடைய செலவுப் பழக்கத்தைத் திருத்தி ஈடுகட்ட முடியும் என்று யாரும் நம்பக் கூடாது.

இரண்டாவது வரி சம்பளச் சீட்டு. 2016 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு முதலாளியும், அடிப்படைச் சம்பளம், மிகைநேர வேலை, படிகள், பிடித்தம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் காட்டும் சம்பளச் சீட்டைத் தர வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. இந்தச் சீட்டே தொழிலாளரின் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம். வேலை செய்த மிகைநேரத்தை அன்றன்றே தம் கையால் குறித்துவைத்து, மாத முடிவில் சீட்டோடு ஒப்பிடும் பழக்கம் செலவைக் குறிக்கும் பழக்கத்துக்கும் முந்தியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் வராத வரவை எந்தச் சிக்கனத்தாலும் மீட்க முடியாது. சம்பளத் தகராறு எழும்போது அந்தக் குறிப்பு சான்றாகவும் பயன்படும்.

அடுத்து வருவது ஊருக்கு அனுப்பும் பணம். சிராங்கூன் சாலையின் பணம் அனுப்பும் கடைகளில் ஞாயிறுதோறும் வரிசை நின்ற காலம் மாறி, கைப்பேசி வழியே அனுப்புவது பரவியிருக்கிறது. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ ஆகிய உடனடிப் பணமாற்றுச் சேவைகள் இணைக்கப்பட்டன. அனுப்பும் கட்டணம், கடை தரும் மாற்று விகிதம், வெளிச்சந்தை விகிதம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு முறை அனுப்புவதற்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பது விளங்கும். கட்டணம் இல்லை என்ற விளம்பரத்துக்குப் பின்னால் விகிதத்தில் குறைவு இருக்கலாம்.

ஊரில் இந்தப் பணம் எங்கே போகிறது என்பதில், சேமிப்பு அறிவுரைகள் அறியாத ஒரு தலைப்பு உண்டு. அது மொய். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில், பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில், ஆடி மாதத்தை ஒட்டி நடக்கும் மொய்விருந்துகளில், விருந்து வைப்பவர் ஊராரிடமிருந்து பெருந்தொகையை மொய்யாகப் பெறுகிறார். எழுதிய ஒவ்வொருவருக்கும் அவர்கள் முறை வரும்போது பெற்றதற்குக் குறையாமலும், வழக்கப்படி சற்றுக் கூட்டியும் திருப்பிச் செய்கிறார். தமிழ் வீடுகளில் மிகத் துல்லியமாக எழுதிப் பேணப்படும் கணக்கு மொய் நோட்டுதான். வட்டியில்லாத கடனையும் காப்பீட்டையும் ஒருசேரத் தரும் இந்த ஏற்பாட்டை மூடப்பழக்கம் என்று ஒதுக்குவது அறியாமை. அதே சமயம், வாங்கிய மொய் வருமானம் ஆகாது, திருப்ப வேண்டிய கடனே என்பதையும், அதைத் திருப்பும் ஆண்டுகளில் சுமை சிங்கப்பூரில் மிகைநேரம் செய்யும் ஒருவரின் உடம்பில் விழுகிறது என்பதையும் குடும்பம் திட்டத்தில் எழுதியாக வேண்டும். மொய் நோட்டும் வீட்டுக் கணக்கும் தனித்தனி ஏடுகளாக இருக்கும்வரை, மகள் திருமணத்துக்கு வந்த பணம் சேமிப்பாகவே தோன்றும்.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவது தொழிலாளரின் சொந்தச் செலவு. விடுதிக்கு மொத்தமாக வரும் கேட்டரிங் சாப்பாடு, கைப்பேசி இணையம், சவர்க்காரம், ஞாயிற்றுக்கிழமைப் பேருந்து, தேக்காவில் ஒரு வேளை நல்ல சாப்பாடு. குறைக்க முடிந்ததாகக் கையில் இருப்பது இது ஒன்றே என்பதால் அவர் இதையே குறைக்கிறார். பல்வலிக்கு மருந்துக்கடை மாத்திரையோடு மாதங்களைத் தள்ளுவதும், கண்ணாடி மாற்றாமல் வேலை செய்வதும், சம்பள உயர்வு தரக்கூடிய பயிற்சி வகுப்பை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுவதும் ஊரிலுள்ள கணக்கில் எங்கும் பதிவதில்லை. அங்கே வந்துசேர்ந்த தொகை மட்டும் தெரிகிறது. மத்திய சேமநிதியும் வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவருக்கு இல்லை. சிடிசி பற்றுச்சீட்டும் இல்லை. அவருடைய ஒரே முதுமைச் சேமிப்பு ஊரில் எழும் வீடுதான். காயமோ வேலையிழப்போ நேரும்போது இந்தக் கணக்கு ஒரே வாரத்தில் குலைந்துவிடும் என்பதால்தான், லிட்டில் இந்தியாவில் 2008 முதல் ஒரு தன்னார்வ அமைப்பு, வழக்கு முடியக் காத்திருக்கும் தொழிலாளர்களுக்குக் கஃப் சாலைத் திட்டம் என்ற பெயரில் இலவச உணவு அளிக்கத் தொடங்கியது.

அப்படியானால் ஒரு குடும்பத்துக்கு உண்மையில் தேவையானது எவ்வளவு என்பதை யார் முடிவுசெய்வது? இதற்குச் சிங்கப்பூரில் அண்மையில் முயன்றவர்கள் இங் கோக் ஹோ, டியோ யூ யென் ஆகியோர் இடம்பெற்ற ஆய்வுக்குழுவினர். பிரிட்டனில் வளர்ந்த குறைந்தபட்ச வருமான நிலை என்ற முறையை அவர்கள் பின்பற்றினர். வல்லுநர் ஒருவர் பட்டியல் தருவதற்கு மாறாக, பல்வேறு வருமானமும் இனமும் கொண்ட பொதுமக்களைக் குழுக்களாக அமரவைத்து, ஒரு கற்பனைக் குடும்பத்தின் வீட்டை அறை அறையாகக் கடந்து, எந்தப் பொருள் வேண்டும், ஏன் வேண்டும், எத்தனை ஆண்டு உழைக்கும் என்று விவாதித்து உடன்பாடு காணச் செய்வதே அந்த முறை. 2019இல் வெளியான முதல் ஆய்வு, 65 வயதும் அதற்கு மேலும் உள்ள, தனியே வாழும் ஒருவருக்கு மாதம் 1,379 வெள்ளி தேவை என்றது. 2021இல் வெளியான ஆய்வு, 7 முதல் 12 வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளையும் 13 முதல் 18 வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளையும் உள்ள தம்பதிக்கு 6,426 வெள்ளி என்றது. உணவும் உடையும் இருப்பிடமும் மட்டும் போதா. மதிப்பும் பாதுகாப்பும் பிறரோடு பழகும் வாய்ப்பும் தம் பண்பாட்டையும் சமயத்தையும் பின்பற்றும் சுதந்திரமும் அடிப்படைத் தேவைகளே என்று அக்குழுக்கள் உடன்பட்டன. ரவுன்ட்ரீ மறுத்த அஞ்சல்தலையும் காணிக்கையும் நூறு ஆண்டுகளுக்குப் பின் பட்டியலில் ஏறின.

2021 ஆய்வின் முடிவை நிதியமைச்சு ஏற்கவில்லை. தனியார் வகுப்புகள், நகை, வாசனைத் திரவியம், வெளிநாட்டுப் பயணம் போன்றவை இடம்பெற்றிருப்பதால் அது தேவையைக் காட்டிலும் விருப்பத்தைக் காட்டுகிறது என்பது அதன் வாதம். பொதுப்பணத்தை யாருக்கு ஒதுக்குவது என்று முடிவெடுக்க வேண்டிய அமைப்பு இத்தகைய கேள்வியை எழுப்புவது இயல்பே. ஆனாலும் தமிழ்க் குடும்பம் ஒன்று இந்த விவாதத்தைக் கேட்டால் நகை என்ற சொல்லில் நின்றுவிடும். காதில் தோடும் கழுத்தில் தாலியும் இல்லாமல் ஒரு பெண் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போக முடியாத சமூகத்தில், அவை அலங்காரத்துக்கு அப்பால் மதிப்பின் விலையும் ஆகும். நெருக்கடியில் கைகொடுப்பதும் அதே நகைதான். சிங்கப்பூரில் அடகுக்கடை வட்டி மாதத்துக்கு 1.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது; உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் மாதத்துக்கு 4 விழுக்காடுவரை வாங்கலாம். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு, பெட்டிக்குள் இரண்டு வளையல் இருக்கும் குடும்பத்துக்கும் இல்லாத குடும்பத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு. ஆகவே நகையை ஆடம்பரம் என்று கணக்கிலிருந்து தள்ளாமல், சேமிப்பின் ஒரு பகுதியாக எடையும் அடகு நிலையும் குறித்து எழுதிவைப்பதே நேர்மையான கணக்கு.

இக்கருத்துகளைக் கொண்டு வீட்டுக் கணக்கின் வடிவத்தை மாற்றியமைக்கலாம். இப்போது கிடைக்கும் குறிப்பேடுகளும் செயலிகளும் உணவு, போக்குவரத்து, பொழுதுபோக்கு என்று பொருள்வாரியாகவே செலவைப் பிரிக்கின்றன. அதோடு ஆள்வாரியான ஒரு பத்தியும் வேண்டும்; பேரேட்டில் நகரத்தார் செய்ததும் ஆள்வாரியான பதிவே. குடும்பத்தில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பத்திகள். மாத முடிவில் எவருடைய பத்தி மூன்று மாதமாக வெறுமையாக இருக்கிறது என்று பார்த்தால், அது தாயுடையதாகவோ பாட்டியுடையதாகவோ இருப்பதைப் பல வீடுகள் காணும். வெறுமையான பத்திக்கு உரியவரிடம் என்ன தேவை என்று கேட்டு, அடுத்த மாதத் திட்டத்தில் முதலில் அதற்கு ஒதுக்க வேண்டும். தீபாவளி, டிசம்பரில் வாங்கும் பள்ளிப் புத்தகமும் சீருடையும், விடுமுறைக் காலத்து ஊர்ப்பயணம், காப்பீட்டுக் கட்டணம், திருப்ப வேண்டிய மொய் ஆகிய ஆண்டுச் செலவுகளைப் பன்னிரண்டால் வகுத்து மாதந்தோறும் தனிக் கணக்கில் ஒதுக்கினால், அவை திடீர்ச் செலவு என்ற பெயரில் கடனாக மாறாமல் இருக்கும். நிதியறிவை வளர்க்கும் தேசியத் திட்டமான மனிசென்ஸ், மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான தொகையை அவசரத்துக்கு வைத்திருக்கச் சொல்கிறது. நாள்சம்பளக் குடும்பத்துக்கு அது எட்டாத தொகையாகத் தோன்றினாலும், ஒரு மாத உணவுக்கும் மின்கட்டணத்துக்கும் ஆகும் தொகையிலிருந்து தொடங்கலாம்.

இரண்டு நாட்டுக் குடும்பத்துக்கு இதே தாள் இரண்டு படிகளாக வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவர் தம் சம்பளம், பிடித்தம், சாப்பாடு, மருத்துவம், பயிற்சிக் கட்டணம் ஆகியவற்றையும், ஊரில் இருப்பவர் கடன் வட்டி, பள்ளிக் கட்டணம், மொய், வீட்டுவேலை ஆகியவற்றையும் எழுதி, மாதம் ஒருமுறை கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பிக்கொண்டால் போதும். தனிச் செயலி எதுவும் தேவையில்லை. 1991இல் தொடங்கிய சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் போன்ற சமூக அமைப்புகளும், விடுதிகளில் வகுப்பெடுக்கும் தன்னார்வலர்களும், சம்பளச் சீட்டின் வரிசையையே பின்பற்றும் இத்தகைய ஒரு தமிழ்க் கணக்குத்தாளை அச்சிட்டு இலவசமாகத் தரலாம். அதன் செலவுப் பக்கத்தில் ஊருக்கு அனுப்பியது என்ற வரிக்கு மேலே, எழுதுபவரின் உணவும் உடல்நலமும் முதல் இரண்டு வரிகளாக அச்சிடப்பட வேண்டும்.